மதராஸிலிருந்து வராத சாமான்

தூத்துக்குடி
7-7-1974

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை ஜெபசெல்வி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு இடது கண்ணில் மட்டும் புகை மறைத்த மாதிரி இருக்கிறதாம். கூடலூர்க் குளிரில் உன் இருமல் எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் இன்னமும் இரண்டு வார்டையும் நீதான் பார்க்கிறாயா?

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து நாளையோடு ஒரு மாதம். டைப் அடிக்கத்தான் எடுத்தார்கள். முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சி இரண்டாவது வாரமே என்னை முன்பக்கக் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார். வண்டி கொண்டு வருகிறவர்களிடம் என்ன கோளாறு என்று கேட்டு ஜாப் கார்டு எழுத வேண்டும். எப்போது கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் கிடைக்காவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசிதான் வேலையே. எனக்கு முன்னால் இருந்தவர் வருகிறவர்களோடு மல்லுக்கு நிற்பாராம். நான் முதலில் உட்காரச் சொல்கிறேன், தண்ணீர் கொடுக்கிறேன், பிறகு "செவ்வாக்கிழம கண்டிப்பா ஆயிரும் அண்ணாச்சி" என்கிறேன். கத்த வந்தவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார். "நீ இருக்கது எனக்குப் பத்து ஃபிட்டருக்குச் சமம்மா" என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆகாது என்று சில சமயம் எனக்கே தெரியும். செவ்வாய் வந்தால் வியாழன் என்று சொல்லிக்கொள்ளலாம். சிரிக்காதே.

நேற்று மணப்பாட்டிலிருந்து ஹென்றி மிராண்டா என்று ஒருவர் தன் டாக்சியைக் கொண்டு வந்தார். பழைய அம்பாசடர். இன்ஜின் புகை தள்ளுகிறது, இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும். ஐம்பது வயதிருக்கும். இடது கையில் இரண்டு விரல் கிடையாது. கடலில் வலைக்கயிறு சுற்றி இழுத்துவிட்டதாம். அதற்குப் பிறகுதான் தொழிலை விட்டுவிட்டு டாக்சிக்கு வந்தாராம். செப்டம்பரில் அவர்கள் ஊர்த் திருச்சிலுவைத் திருவிழா. வருஷத்தில் அந்தப் பதினான்கு நாள்தான் அவருக்கு நல்ல ஓட்டம். "அதுக்குள்ள கிடச்சிருமாம்மா?" என்று கேட்டார். இரண்டு வாரத்தில் கிடைக்கும் என்றேன். அது நிஜமாகவே இரண்டு வார வேலைதான்.

அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள். பதில் போடு.

உன் அன்புத் தங்கை
ஜெபசெல்வி


கூடலூர்
16-7-1974

பிரியமான செல்விக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. மழைதான் விடவில்லை. வார்டில் காயப்போட்ட துணி மூன்று நாளாக ஈரம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் மற்ற நர்சுகளுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் இங்கே "டாக்டர் இதோ வந்துட்டார்" என்று சொல்லித்தான் காலம் தள்ளுகிறேன். நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

அம்மாவின் கண்ணை உடனே டாக்டரிடம் காட்டு. புரை என்றால் ஜனவரியில் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் லீவைச் சேர்த்து எடுத்துக்கொண்டு நான் வந்துவிடுவேன். மணப்பாட்டு டாக்சிக்காரர் கதை என்ன ஆயிற்று என்று எழுது. இரண்டு விரல் இல்லாமல் கியர் எப்படிப் போடுவார் என்று இங்கே ஒருத்தி கேட்கிறாள். கியர் போடுவதும் இடது கைதானாமே.

இப்படிக்கு
உன் அக்கா ஞானதீபம்


தூத்துக்குடி
4-8-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம். அம்மாவுக்குப் புரைதான். நீ சொன்னபடி ஜனவரி என்றே டாக்டரும் சொன்னார்.

நாளைக்குப் பனிமயமாதா திருவிழா. தெருவில் நடக்க இடமில்லை. ஒர்க்‌ஷாப்பிலும் கூட்டம்தான். போன வாரம் துறைமுகக் காண்டிராக்டர் ஒருவருடைய அம்பாசடர் பின்பக்கம் உடைந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். புதுத் துறைமுகத்தைப் பார்க்க யாரோ பெரிய மனிதர்கள் வருகிறார்களாம், மறுநாளே வேண்டும் என்றார். கொடுத்துவிட்டோம். இனி அவருடைய லாரிகள் எல்லாம் நம்மிடம்தான் வருமாம். முதலாளிக்கு ஒரே சந்தோஷம்.

மணப்பாட்டுக்காரர் வண்டி முடியவில்லை. மதராஸிலிருந்து சாமான் வரவில்லை. இந்த வாரம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். வியாழக்கிழமை வந்தபோது சீலா மீன் கருவாடு ஒரு பொட்டலம் கவுண்டரில் வைத்தார். எனக்கு எதற்கு என்றேன். "நீங்க உக்காரச் சொல்லுதிய, தண்ணி தாரிய. வேற எவன் குடுக்கான்?" என்றார். அம்மா அதை வறுத்தாள். நல்ல ருசி.

மூன்று விரலால் கியர் நன்றாகவே போடுகிறாராம். கேட்டுவிட்டேன்.

அன்புடன்
செல்வி


கூடலூர்
13-8-1974

பிரியமான செல்விக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு ஏங்குகிறேன். அம்மாவை வெயிலில் கடைக்கு அனுப்பாதே.

ஒரு சந்தேகம். எங்கள் ஆஸ்பத்திரி ஜீப் டிரைவரிடம் உன் டாக்சிக்காரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "அம்பாசடர் ரிங்கா? கோயமுத்தூர்ல கடைக்குக் கடை கெடக்கே. இதுக்கு எதுக்கு மதராஸ்?" என்று கேட்டார். மதராஸிலிருந்து வர வேண்டியது என்ன சாமான்? திருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லையே. கோயமுத்தூரில் கிடைக்குமென்றால் வாங்கி அனுப்ப இங்கே ஆள் இருக்கிறது. பெயரை எழுது.

உன் அக்கா
ஞானதீபம்


தூத்துக்குடி
8-9-1974

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம். அம்மாவும் நானும் சுகம்.

காற்று மாறிவிட்டது. உப்பளத்துத் தூசி வீட்டுக்குள் வருகிறது. கோவிலில் பாடகர் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். முதலாளி கவுண்டருக்கு ஒரு மின்விசிறி போட்டுக் கொடுத்தார். அம்மாவுக்குப் புதுச் சேலை எடுத்தேன், நீலத்தில் சின்னப் பூ. கண் சரியானதும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள்.

சாமான் விஷயமெல்லாம் சொன்னால் உனக்குப் புரியாது, அக்கா. ஜீப் டிரைவருக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கும் என்ன சம்பந்தம்?

கருவாடு அம்மா வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது வீட்டில் சேர்ப்பதில்லை.

செல்வி


கூடலூர்
17-9-1974

செல்விக்கு,

நான் சுகம். பதினான்காம் தேதியோடு திருவிழா முடிந்துவிட்டது. அந்த மனுஷனுக்கு வண்டி கிடைத்ததா, இல்லையா? ஒரு வரி எழுதினால் போதும்.

கருவாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறாய். நம் அம்மாவுக்குக் கருவாடு ஒத்துக்கொள்ளாமல் போனதை நான் இந்த முப்பது வருஷத்தில் கேள்விப்பட்டதில்லை.

ஞானதீபம்


தூத்துக்குடி
20-10-1974

அக்கா,

நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். ஒரு மாதமாக இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறாள்.

மதராஸிலிருந்து சாமான் வரவில்லை என்று உனக்கு எழுதினது பொய். ரிங் ஜூலையிலேயே வாங்கிப் போட்டாயிற்று. வண்டி ஓடத் தயாராக நின்றது. அப்போதுதான் காண்டிராக்டர் வண்டி வந்தது. பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி ஒன்று உண்டு. கிரவுன் பினியன் என்பார்கள். அது உடைந்திருந்தது. புதிது ஒரு இடத்திலும் கிடைக்கவில்லை. முதலாளி, ஃபிட்டர் சொரிமுத்துவைக் கூப்பிட்டு, "அந்த மணப்பாட்டான் வண்டியில இருக்கத கழட்டி இதுல போடுலே" என்றார். சொரிமுத்து தயங்கினார். "அவரு வந்து கேட்டா என்ன அண்ணாச்சி சொல்ல?"

"கேட்டா இந்தம்மா சொல்லிக்கிடும்" என்று முதலாளி என்னைக் காட்டினார்.

எனக்கு அப்போது பெருமையாக இருந்தது, அக்கா. வேறு எதை மறைத்தேனோ இல்லையோ, இதைத்தான் உன்னிடம் முக்கியமாக மறைத்தேன்.

பதிலுக்குப் புதிது மதராஸிலிருந்து வரும், இரண்டு வாரத்தில் போட்டுவிடலாம் என்றார்கள். வரவில்லை. வண்டியைக் கொட்டகையின் பின்னால் தள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினார்கள். ஹென்றி வாரா வாரம் வந்தார். "தங்கச்சி வீட்டுக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பாத்தேன்" என்பார். நான் தண்ணீர் கொடுத்து, அடுத்த வாரம் என்பேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, தபால் போட பழைய துறைமுகம் பக்கம் போனேன். தோணிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் சாக்கு மடித்துப் போட்டு வரிசையாக மூட்டை சுமந்தார்கள். ஒரு ஆளுக்கு இடது கையில் மூட்டை நிற்கவில்லை. நழுவ நழுவத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு வந்தார். ஹென்றி. ஊரில் வண்டி இல்லாமல் பிழைப்பு இல்லை. இங்கேயே தங்கிச் சுமை தூக்கியிருக்கிறார். அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டரைப் படிக்கிறவள் மாதிரி திரும்பிக்கொண்டேன். அவர் தாண்டிப் போகும்வரை படித்தேன்.

மறுநாள் சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். கழுத்தில் உப்பு அரித்த புண். "தங்கச்சி வீட்டுக்கு வந்தேன்" என்றார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். "இந்த வாரம் வந்துரும்" என்றேன். அன்றைக்கும் ஒரு பொட்டலம் வைத்துவிட்டுப் போனார். அதை நான் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை. வழியில் போட்டுவிட்டேன்.

திருவிழா முடிந்தது. போன வாரம் சனிக்கிழமை, உடைத்த வண்டி ஒன்றிலிருந்து தேய்ந்துபோன பல்சக்கரத்தை எடுத்து மாட்டி, வண்டியைக் கொடுத்தார்கள். ஹென்றி கேட்வரைக்கும் ஓட்டிப் போய் அப்படியே பின்னால் வந்து நிறுத்தினார். "இது என் சாமான் இல்ல. பின்னால ஊளையிடுது" என்றார். கவுண்டரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

முதலாளி கொட்டகையைப் பார்த்து, "ஏலே சொரிமுத்து, என்னலே செஞ்சி வச்சிருக்க?" என்றார்.

"நீங்க சொன்னததான செஞ்சேன்."

"நானா சொன்னேன்? யாரு முன்னால சொன்னேன்? ஏம்மா, நான் சொன்னனா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொரிமுத்துவும் பார்த்தார். நான், "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றேன்.

எட்டு வருஷம் அங்கே வேலை செய்தவரை முதலாளி அந்த நிமிஷமே போகச் சொன்னார். சாமானைத் திருடி விற்றுவிட்டதாக எல்லார் காதிலும் விழச் சொன்னார். சொரிமுத்துவுக்கு மூன்று பெண் பிள்ளைகள். கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார். எப்போதும் "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிற ஹென்றி அன்று சொல்லவில்லை.

தெரியாது என்றது என் வாயில் எப்படி வந்தது என்று யோசிக்கிறேன். யோசிக்க ஒன்றுமில்லை. நான்கு மாதமாகப் பழகின வாய்.

செல்வி


கூடலூர்
28-10-1974

பிரியமான செல்விக்கு,

உன் கடிதம் வந்தது. நடந்தது நடந்துவிட்டது. நீ சின்னப் பெண். முதலாளி சொன்னதைச் செய்தாய். எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. ஜனவரியில் அம்மாவுக்கு ஆபரேஷன். இப்போது வாயைத் திறந்து வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. நாசரேத்தில் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் காதுக்குப் போனால் உன் கல்யாணப் பேச்சுக்கும் நல்லதில்லை. ஃபிட்டருக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும், அவர் கையில் தொழில் இருக்கிறது. அவர்களுக்காக ஜெபம் பண்ணு. அம்மாவிடம் சொல்லாதே.

உன் அக்கா
ஞானதீபம்


கூடலூர்
30-10-1974

செல்வி,

முந்தாநாள் நான் போட்ட கடிதத்தைக் கிழித்துப் போடு.

பெட்டியில் போட்டுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். தபால்காரர் பெட்டி திறக்கும் நேரத்துக்கு ஓடினேன், எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே நான் உனக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜெபம் பண்ணு என்று வேறு எழுதினேன். அந்த வரியை நினைத்தால் எனக்கு முகம் காந்துகிறது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலை போனால் போகட்டும். அம்மாவின் கண்ணுக்கு நான் இருக்கிறேன்.

தீபம்


தூத்துக்குடி
10-11-1974

மதிப்புக்குரிய ஹென்றி மிராண்டா அண்ணாச்சி அவர்களுக்கு,

ஒர்க்‌ஷாப்பில் கவுண்டரில் இருக்கும் ஜெபசெல்வி எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டும். உங்கள் விலாசத்தை ஜாப் கார்டிலிருந்து எடுத்தேன்.

உங்கள் வண்டிச் சாமானைக் கழற்றிய அன்றே எனக்குத் தெரியும். முதலாளி சொல்லித்தான் கழற்றினார்கள். சொரிமுத்து வேண்டாம் என்றுதான் சொன்னார். மதராஸிலிருந்து வர வேண்டும் என்று உங்களிடம் ஒவ்வொரு தடவையும் சொன்னது நான் அறிந்து சொன்ன பொய். உப்பு ஏற்றின இடத்தில் உங்களைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றேன். கடைசி நாள் எனக்குத் தெரியாது என்றதும் பொய்.

உங்களுக்குப் பண்டிகைக்கால ஓட்டம் போனது என்னால். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் எழுதுகிறேன். என்னை மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு
தா. ஜெபசெல்வி


சேசு மரி சூசை துணை

மணப்பாடு
2-12-1974

ஜெபசெல்வி அம்மாளுக்கு ஹென்றி எழுதிக்கொண்டது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் தாயாருக்குக் கண் நோவு என்றீர்களே, இப்போது எப்படி? நான் நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கடிதாசி வந்து மூன்று வாரம் ஆகிறது. என்ன எழுத என்று தெரியாமல் வைத்திருந்தேன்.

எனக்கு மாதா திருவிழா அன்றைக்கே தெரியும். அந்தக் காண்டிராக்டர் வண்டி ஓட்டுகிறவன் என் பெண்சாதிக்குச் சித்தப்பா மகன். "அத்தான், உம்ம வண்டிப் பல்லுதான் எங்க வண்டியில ஓடுது" என்று அவனே சொன்னான். நான் அப்போதே வந்து சண்டை போட்டிருக்கலாம். வண்டி உங்கள் முதலாளி கொட்டகையில் கிடக்கிறது. சண்டை போட்டால் அது அங்கேயே துருப்பிடித்துப் போகும் என்று பயந்தேன். அதோடு உங்களை நினைத்தேன். இந்தப் பிள்ளைக்குச் சொல்ல மனசு வரும், ஒரு நாள் சொல்லும் என்று இருந்தேன். அதற்காகவும்தான் வாரா வாரம் வந்து உட்கார்ந்தேன். மூட்டை தூக்கினதை நீங்கள் பார்த்த மறுநாள் கட்டாயம் சொல்லுவீர்கள் என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்தேன்.

"அங்கன ஒரு நல்ல பிள்ள இருக்கு" என்று என் வீட்டில் சொல்லியிருந்தேன். அவள்தான் உங்களுக்குக் கருவாடு கட்டிக் கொடுத்தது. இப்போது அவள் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோபம் இல்லை என்று எழுதினால் நானும் பொய் சொன்னதாகும். இருக்கிறது. வண்டி ஓடுகிறது. திருச்செந்தூரில் ஒரு ஆள் பழைய சாமான் தேடிக் கொடுத்தார். என்னிடம் எழுதினது சரி. நான் அறியாததை நீங்கள் எழுதவில்லை. சொரிமுத்து களவாணி என்று ஊர் நம்புகிறதே, அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள்?

ஹென்றி மிராண்டா


தூத்துக்குடி
15-12-1974

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் லீவு கிடைத்துவிட்டது என்று அறிந்து அம்மா இரண்டு நாளாக வீட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஹென்றியின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். வாசித்துப் பார்.

அது வந்த மறுநாள் விசாரித்துக்கொண்டு இங்கேயே மேலூர்ப் பக்கம் சொரிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். நான் யார் என்று சொன்னதும் உள்ளே போய்விட்டாள். கொஞ்சம் கழித்து அவர் வந்தார். லாரிக் கொட்டகை ஒன்றில் சேர்ந்திருக்கிறாராம். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"வேல கிடச்சிட்டு. ஆனா ஸ்பானர எடுத்தா அங்கன உள்ளவன் எண்ணி வாங்குதான். சாமான் களவாண்ட ஃபிட்டர்னு எனக்கு முன்னாலேயே பேரு அங்கன போயிட்டு. எங்கிட்ட சொல்லி என்னத்துக்கும்மா? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எங்க தெரியாதுன்னு சொன்னியளோ அங்கன போய்ச் சொல்லுங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

அந்தத் தைரியம் வர நாலு நாள் ஆயிற்று. போன வெள்ளிக்கிழமை கவுண்டரில் ஆறு பேர் பெஞ்சில் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் அன்றைக்கும் இருந்தவர்கள். முதலாளி உள்ளே நுழைந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஹென்றி வண்டி விஷயத்துல எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன். எனக்குத் தெரியும். நீங்க என் முன்னாலதான் சொன்னிய. சொரிமுத்து எதையும் எடுக்கல" என்றேன்.

கொட்டகையில் தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. முதலாளி ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. பெஞ்சில் இருந்தவர்களை ஒரு தடவை பார்த்தார். "நல்லதும்மா. மாசக் கடைசியோட நின்னுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெஞ்சில் ஒருவர் பேப்பரை மடித்தார், இன்னொருவர் மணி பார்த்தார். அவர்களுக்கு ஆச்சரியம்கூட இல்லை, அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் இத்தனை நாளும் சொன்னதை இவர்கள் நம்பினார்கள் என்று நான்தான் நம்பியிருக்கிறேன். இவர்கள் போக வேறு இடமில்லாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

பிறகு சாத்தான்குளம் வாத்தியார் ஒருவர் எழுந்து வந்தார். அவருடைய கார் வந்து மூன்று வாரம் ஆகிறது. புதன்கிழமை முடிந்துவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். "அப்போ என் வண்டி என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

ஜாப் கார்டைப் பார்க்கவில்லை. நேரே கொட்டகைக்குள் போனேன். இத்தனை மாதத்தில் நான் அதற்குள் நுழைந்தது நாலைந்து தடவை இருக்கும். அவர் வண்டி மூலையில் நின்றது. மேலே தூசி. மூடியைத் திறந்த அடையாளமே இல்லை. திரும்பி வந்தேன்.

"உங்க வண்டிய இன்னும் யாரும் தொடல சார்."

அவர் ஏசினார். வாத்தியார் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. குடும்பத்தை இழுத்தார், நம் வேதத்தை இழுத்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்று கேட்டேன். அவர் முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். பின்னால் மற்ற ஐந்து பேரும் எழுந்து கவுண்டருக்கு வந்து நின்றார்கள். நான் அடுத்தவரிடம் வண்டி நம்பரைக் கேட்டுக்கொண்டு மறுபடியும் உள்ளே போனேன்.

மாதக் கடைசிவரை போவேன். நீ வருகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானும் அம்மாவும் வந்திருப்போம்.

உன் தங்கை
ஜெபசெல்வி